கடைகள் அடைக்கப்பட்ட ஃபோரம்: ரோமில் ஒரு வழிகாட்டி நடைக்கு மதிப்புரை

ரோம் நகரின் பழைய பொதுச் சதுக்கமாகிய ஃபோரத்தில் வழிகாட்டிகளுக்குப் பஞ்சமே இல்லை. சீசரின் உடல் எரியூட்டப்பட்ட இடம், வெஸ்டா கன்னியரின் இல்லம், டைட்டஸ் வளைவு என்ற வரிசையில் ஒரு மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் காட்டி முடித்துவிடுபவர்களே அவர்களில் பெரும்பாலோர். அந்த வரிசையை ஒதுக்கிவிட்டு ஒரே ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொள்கிறது, தொல்லியல் பயின்ற சிலர் சேர்ந்து நடத்தும் ஒரு சிறு குழுவின் அரை நாள் நடை. ஆபத்துக் காலங்களில் ரோமானிய அரசு தன் பொது அலுவல்களை எவ்வாறு நிறுத்திவைத்தது, யார் நிறுத்தினார்கள், யார் மீண்டும் தொடங்கினார்கள் என்பதே அப்பொருள். ரோமானியச் சட்டத்தில் ஆர்வமுள்ளவர்களுக்கு இந்நடையைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். இடங்களைக் கண்முன் நிறுத்துவதில் இது மிகச் சிறந்தது. ஆனால் சட்டத்தை விளக்கும்போது ஒரு முக்கியமான இடத்தில் வழுக்குகிறது. அந்த வழுக்கலைப் பற்றிக் கீழே சற்று விரிவாகவே எழுதியிருக்கிறேன், ஏனெனில் அது வழிகாட்டி ஒருவருடைய தனிப்பட்ட பிழை மட்டும் அன்று. இப்பொருளைப் பற்றிப் பேசும் பலரும் விழும் பள்ளம் அது.

நடைக்குச் செல்லுமுன் தெரிந்திருக்க வேண்டியது இவ்வளவுதான். எதிரி நெருங்கிவிட்டான், நட்பு நாடுகள் கலகம் செய்கின்றன, பெரும் தோல்வி நேர்ந்துவிட்டது என்பன போன்ற நேரங்களில் ஆண்டுதோறும் பதவியேற்கும் தலைமை அதிகாரியாகிய கான்சலோ, டிக்டேட்டரோ, பெரும்பாலும் செனட்டின் அறிவுரையின்பேரில், யூஸ்டிடியம், அதாவது அலுவல் நிறுத்தம், என்னும் அறிவிப்பை வெளியிடுவார். அன்று முதல் நீதிமன்றங்கள் கூடா, நீதி அதிகாரியாகிய பிரேட்டர் வழக்குகளைக் கேட்கமாட்டார், ஏலங்கள் நடவா, கருவூலத்திலிருந்து பணம் வெளியே போகாது. ஆபத்து நீங்கியதும் அதே அதிகாரிகள் மற்றோர் அறிவிப்பால் அதை விலக்கிக்கொள்வார்கள். கி.மு. 56-இல் ஆற்றிய ஓர் உரையில், அரசியல்வாதியும் சொற்பொழிவாளருமாகிய சிசரோ, நீதி வழங்கல் நிறுத்தப்படுவதையும், கருவூலம் அடைக்கப்படுவதையும், வழக்கு மன்றங்கள் கலைக்கப்படுவதையும் இந்த அறிவிப்போடு சேர்த்தே அடுக்குகிறார். டிக்டேட்டர் என்ற சொல்லை இங்கே இன்றைய பொருளில் கொள்ளக் கூடாது. நெருக்கடிக்காக ஆறு மாதங்களுக்கு மிகாமல் நியமிக்கப்பட்ட ஒரு முறையான அதிகாரியையே அது குறித்தது.

நடை பசிலிக்கா ஏமிலியாவின் இடிபாடுகளுக்கு முன்னால் தொடங்குகிறது. கி.மு. 179-இல் எழுப்பப்பட்டுப் பலமுறை புதுப்பிக்கப்பட்ட இந்தக் கூடத்தின் ஃபோரத்தைப் பார்த்த பக்கத்தில் கடை வரிசை ஒன்று இருந்தது. அதன் அடித்தளம் இன்றும் தெரிகிறது. பெரும்பாலான குழுக்கள் இங்கே நின்றால் தரையில் உருகி ஒட்டிய நாணயங்களின் பச்சைக் கறைகளைக் காட்டி, கி.பி. 410-இன் சூறையாடலைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். எங்கள் வழிகாட்டியோ கடைகளின் வாசற்படிகளைக் காட்டி, கி.மு. 458-இல் இருந்து ஆரம்பித்தார். அந்த ஆண்டில் ஏக்வி இனத்தாரின் படை அல்கிடஸ் மலையருகே கான்சல் மினூசியஸை முற்றுகையிட்டபோது, சின்சினாட்டஸ் டிக்டேட்டராக்கப்பட்டார். வரலாற்றாசிரியர் லிவி சொல்லும் வரிசை கவனத்துக்குரியது: முதலில் யூஸ்டிடியம் அறிவிக்கப்படுகிறது, அடுத்து நகரெங்கும் கடைகளை அடைக்க ஆணை, அதற்கடுத்து, யாரும் தம் சொந்த வேலை எதையும் பார்க்கக் கூடாது என்ற தடை. பிறகுதான், படையில் சேரும் வயதுள்ள அனைவரும் ஐந்து நாள் உணவோடும் ஆளுக்குப் பன்னிரண்டு மரக்கழிகளோடும் சூரியன் மறைவதற்குள் மார்ஸ் திடலுக்கு வந்து சேர வேண்டும் என்ற கட்டளை வருகிறது. அந்தக் கழிகள் எதிரியைச் சுற்றி வேலி எழுப்புவதற்கானவை.

இந்த வரிசையை வழிகாட்டி விளக்கிய விதம் நடையின் தரத்தை முதல் கால் மணி நேரத்திலேயே காட்டிவிட்டது. அலுவல் நிறுத்தம் என்பது அச்சத்தில் செயலிழந்து நிற்பது அன்று. ஃபோரத்தைக் காலி செய்து திடலை நிரப்புவதற்கான கருவி என்றார் அவர். வழக்கு உள்ளவன், கடன் வசூலிக்க வந்தவன், ஏலம் எடுக்க நிற்பவன் ஆகிய அனைவருக்கும் அன்று ஃபோரத்தில் வேலை இல்லாமற் போகிறது. வேலை இல்லாதவனுக்குத் திடலுக்குப் போகாமலிருக்கக் காரணமும் இல்லாமற் போகிறது. கடைப்படிகளின் முன் நின்று இதைக் கேட்கும்போது, பக்கம் பக்கமாகப் படித்தும் விளங்காத ஒன்று சட்டென்று விளங்கிவிடுகிறது.

அதே இடத்தில் அவர் கி.மு. 321-ஐயும் சொல்லியிருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தேன், சொன்னார். காவ்டியம் கணவாயில் ரோமானியப் படை முழுவதும் சரணடைந்த செய்தி நகருக்கு வந்தபோது, யாரும் அறிவிக்கும் முன்பே ஃபோரத்தைச் சுற்றிய கடைகள் அடைபட்டன. யூஸ்டிடியம் தானாகவே தொடங்கிவிட்டது. அகன்ற கரை வைத்த ஆடைகளும் பொன் மோதிரங்களும் கழற்றி வைக்கப்பட்டன. அதிகாரி சொல்லாமலே நகரம் தன் அலுவலை நிறுத்திக்கொள்ளும் இந்தச் செய்தியின் முக்கியத்துவத்தை அவர் அங்கே அழுத்திச் சொல்லவில்லை. நடையின் பிற்பகுதியில் அது மீண்டும் தேவைப்பட்டது.

அடுத்த நிறுத்தம் மக்கள் கூடிய கொமிட்டியமும் செனட் கூடிய கூரியாவும். இன்று நிற்கும் செங்கல் கட்டடம், கி.பி. 283-இன் தீ விபத்துக்குப் பிறகு டயோக்ளீஷியன் காலத்தில் மீண்டும் எழுந்தது; சீசர் தொடங்கி அகஸ்டஸ் கி.மு. 29-இல் திறந்துவைத்த கூரியாவின் இடத்தில் அது நிற்கிறது. குடியரசுக் காலத்துச் செனட் மன்றம் அதே இடத்தில் இருக்கவில்லை என்பதை வழிகாட்டி தெளிவாகச் சொன்னார். இதைச் சொல்லாமல் விட்டுவிடும் வழிகாட்டிகள் உண்டு. இங்கே பேசப்பட்ட சட்ட விவரங்கள் சுருக்கமாக இருந்தன, ஆனால் ஒரு பழைய நகைச்சுவைத் துணுக்கு அந்த நிறுத்தத்தைக் காப்பாற்றியது. கி.மு. 111-இன் கான்சல் சிப்பியோ நாசிகா யூஸ்டிடியம் அறிவித்துவிட்டு வீட்டுக்குத் திரும்பும் வழியில், ஃபோரத்தின் நடுவே ஏலம் கூறுபவனாகிய கிரானியஸைச் சந்திக்கிறார். ஏன் வாட்டமாக இருக்கிறாய், ஏலங்கள் தள்ளிப்போனதாலா என்று கேட்கிறார். இல்லை, தூதுக் குழுக்கள் தள்ளிப்போனதால் என்கிறான் அவன். நுமிடிய அரசன் ஜுகுர்த்தாவின் பணம் செனட்டர்களின் கைகளில் புழங்கிய காலம் அது என்பதை நினைவில் கொண்டால், பதிலின் கூர்மை புரியும். சிசரோ இதைக் கி.மு. 54-இல் ஒரு வழக்கு உரையில் எடுத்துச் சொல்கிறார். அலுவல் நிறுத்தத்தால் யாருடைய வருமானம் நின்றது என்பதை இவ்வளவு சிக்கனமாகச் சொல்லும் வேறொரு சான்று எனக்குத் தெரியாது. ஏலத்தில் வரும் சிறு தரகு நின்றவனும், தூதுவர்களிடமிருந்து வரும் பெரும் பரிசு நின்றவனும் ஒரே வாக்கியத்தில் வந்து நிற்கிறார்கள்.

கூரியாவிலிருந்து சில அடிகள் நடந்து, ஃபோகாஸ் தூணுக்கு அருகே தரையில் பதிக்கப்பட்டுள்ள பெரிய எழுத்துக்களைக் காட்டினார்கள். அகஸ்டஸ் காலத்தில் குடிமக்களுக்கும் அயலாருக்கும் இடையிலான வழக்குகளைக் கேட்ட பிரேட்டர் லூசியஸ் நேவியஸ் சுர்டினஸின் பெயர் அது. பிரேட்டரின் நீதி மேடை இவ்விடத்தை ஒட்டி இருந்திருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். யூஸ்டிடியத்தின்போது முதலில் காலியாவது இத்தகைய மேடைதான் என்பதால் இந்நிறுத்தம் பொருத்தமானது. வெயில் ஏறிக்கொண்டிருந்ததால் குழுவினர் பலர் எழுத்துக்களை மிதித்துக்கொண்டு நிழலைத் தேடியதையும் சொல்லியாக வேண்டும்.

நடையின் உச்சம், எட்டுத் தூண்களோடு நிற்கும் சனிக்கடவுள் கோயில். ரோமானிய அரசின் கருவூலம் இதற்குள்தான் இருந்தது. கருவூலம் அடைக்கப்பட்டால் அரசு இயங்காது என்ற எளிய உண்மையை வைத்துக்கொண்டு, வழிகாட்டி கி.மு. 133-இன் கதையை நிதானமாகவும் நேர்த்தியாகவும் விரித்தார். திபேரியஸ் கிராக்கஸ் என்ற ட்ரிப்யூன், அதாவது பொதுமக்களின் பிரதிநிதியாகிய அதிகாரி, பொது நிலத்தைப் பகிர்ந்தளிக்கும் சட்டத்தைக் கொண்டுவருகிறார். உடன் ட்ரிப்யூனாகிய ஆக்டேவியஸ் தன் மறுப்புரிமையைப் பயன்படுத்தி அதைத் தடுக்கிறார். அப்போது கிராக்கஸ், தன் சட்டம் வாக்கெடுப்புக்கு வரும் வரையில் வேறு எந்த அதிகாரியும் எந்த அலுவலையும் பார்க்கக் கூடாது என்று அறிவித்து, இந்தக் கோயிலின் கதவில் தன் சொந்த முத்திரைகளை இடுகிறார். கருவூல அதிகாரிகளாகிய குவெஸ்டர்கள் உள்ளிருந்து எதையும் எடுக்கவும் முடியாது, உள்ளே எதையும் வைக்கவும் முடியாது. ஆணையை மீறும் பிரேட்டர்களுக்குத் தண்டம் உண்டு என்றும் அறிவிக்கிறார். நிலவுடைமையாளர்கள் துக்க ஆடை உடுத்தி ஃபோரத்தில் உலவத் தொடங்குகிறார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் புளூட்டார்க் எழுதுகிறார்.

இதில் புதுமை என்ன என்பதை வழிகாட்டி மிகச் சரியாகப் பிடித்தார். அதுவரை வெளிப்பகைக்கு எதிராகக் கான்சலும் செனட்டும் கையாண்ட கருவியை, உள்நாட்டு அரசியல் மோதலில் செனட்டுக்கே எதிராக ஒரு ட்ரிப்யூன் திருப்பிவிட்டார். எதிரி வாசலில் இல்லை. போருக்கு ஆள் திரட்டவும் இல்லை. ஆனால் அரசின் அன்றாட வேலை நின்றது. மறுப்புரிமை ஒரு தனிச் சட்டத்தைத்தான் நிறுத்தும்; இந்த அறிவிப்போ எல்லாவற்றையும் நிறுத்தும். ஒருவர் ஒன்றைத் தடுத்தபோது மற்றவர் அனைத்தையும் தடுத்தார். கோயிலின் கதவு இருந்த உயரத்தைக் கீழிருந்து அண்ணாந்து பார்த்தபடி இதைக் கேட்டது, நான் கொடுத்த கட்டணத்துக்கு முழுதும் ஈடானது.

அடுத்து கேஸ்டர் கோயில். மூன்று தூண்களும் உயர்ந்த மேடையும் மட்டுமே எஞ்சியுள்ள இவ்விடத்தில், கி.மு. 88-இன் கலவரத்தை விவரித்தார்கள். புதிதாகக் குடியுரிமை பெற்ற இத்தாலியர்களை முப்பத்தைந்து வாக்குக் குலங்களிலும் பரப்ப வேண்டும் என்ற சட்டத்தை ட்ரிப்யூன் சுல்பிசியஸ் கொண்டுவந்தபோது, கான்சல்களாகிய சுல்லாவும் பொம்பேயஸ் ரூஃபஸும் பொது அலுவல்களை நிறுத்திவைத்தார்கள். அலுவல் இல்லாத நாளில் மக்கள் கூடி வாக்களிக்க முடியாது என்பதே அவர்கள் கணக்கு. ஆயுதங்களை மறைத்துக்கொண்டு வந்த கூட்டம், இந்தக் கோயிலருகே பேசிக்கொண்டிருந்த கான்சல்களைச் சூழ்ந்தது. ரூஃபஸ் தப்பினார், சுல்லாவின் மருமகனும் ரூஃபஸின் மகனுமாகிய இளைஞன் கொல்லப்பட்டான். சுல்லா, தன் எதிரியாகிய மாரியஸின் வீட்டுக்குள் புகுந்து உயிர் பிழைத்தார் என்று புளூட்டார்க் சொல்கிறார். சுல்லா தன் நினைவுக் குறிப்புகளில் இதை மறுத்தார் என்பதையும் அவரே சொல்கிறார். பிறகு சுல்லா ஃபோரத்துக்கு வந்து தடையை விலக்கிக்கொண்டார், படையிடம் போனார், அந்தப் படையோடு ரோமுக்கே திரும்பினார்.

இங்கே வழிகாட்டியின் நேர்மையைப் பாராட்ட வேண்டும். அன்று அறிவிக்கப்பட்டது யூஸ்டிடியமா, அல்லது கான்சல் விரும்பிய நாளில் அறிவிக்கக்கூடிய சமய விடுமுறையா என்பதில் பழைய ஆசிரியர்களே ஒத்துப்போகவில்லை. புளூட்டார்க்கின் சொல் அலுவல் நிறுத்தத்தையும், அப்பியனின் சொல் திருவிழா நாட்களின் விடுமுறையையும் சுட்டுகின்றன. வாக்கெடுப்பைத் தடுப்பது என்ற விளைவில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் ஒன்று நெருக்கடியைக் காரணம் காட்டுகிறது, மற்றது கடவுளரைக் காரணம் காட்டுகிறது. இந்தச் சிக்கலை மறைக்காமல், வந்தவர்களின் பொறுமையையும் சோதிக்காமல் சொல்லி முடித்தார்.

வழுக்கல் இதற்குப் பிறகுதான் வந்தது. கேஸ்டர் கோயிலின் நிழலில் உட்கார்ந்து ஓய்வெடுத்த நேரத்தில், நடையின் மையக் கருத்து என்ற அறிமுகத்தோடு அவர் சொன்னது இது: யூஸ்டிடியத்தின்போது ரோமில் சட்டமே இல்லாமற் போயிற்று, அந்நாட்களில் ஒருவர் செய்த எதையும் குற்றம் என்றோ கடமை என்றோ சொல்ல முடியாது, அது ஒரு சட்ட வெற்றிடம். கேட்பதற்குக் கவர்ச்சியான கருத்து. கடந்த சில பத்தாண்டுகளில் அரசியல் தத்துவ நூல்கள் வழியே பரவியும் இருக்கிறது. ஆனால் அவரே அன்று காலை முதல் எங்களுக்குக் காட்டிய சான்றுகள் இதை ஏற்கவில்லை.

கி.மு. 88-ஐயே எடுத்துக்கொள்ளலாம். கத்தியோடு வந்து கான்சலின் குடும்பத்தில் ஒருவரைக் கொன்ற கூட்டத்துக்கு, அலுவல் நிறுத்தம் ஒரு வெற்றிடம் என்றால், அதை மதிக்க வேண்டிய அவசியமே இல்லை. நேராக வாக்கெடுப்பை நடத்தியிருக்கலாம். ஆனால் அவர்கள் கேட்டது, தடை நீங்கிவிட்டது என்ற அறிவிப்பு கான்சலின் வாயிலிருந்தே வர வேண்டும் என்பதை. கொலைக்கு அஞ்சாதவர்கள் முறையற்ற வாக்கெடுப்புக்கு அஞ்சினார்கள். அலுவல் நின்றிருந்த நாளிலும் அந்த நிறுத்தமே சட்டமாக அவர்களைக் கட்டியிருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

இரண்டாவதாக, நிறுத்தம் எப்போதும் முழுமையாக இருந்ததும் இல்லை. கி.மு. 90-இல் இத்தாலிய நட்பு நாடுகளோடு போர் மூண்டபோது மற்ற வழக்கு மன்றங்கள் எல்லாம் போரின் காரணமாக நின்றுபோக, வேரியஸ் சட்டத்தின் கீழான ஒரே ஒரு மன்றம் மட்டும் தொடர்ந்து நடந்தது என்று, அப்போது இளைஞராக ஃபோரத்தில் இருந்த சிசரோ எழுதுகிறார். நட்பு நாடுகளைக் கலகத்துக்குத் தூண்டியவர்கள் என்று குற்றம் சாட்டப்பட்டவர்களை விசாரித்த மன்றம் அது. எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று தேர்ந்தெடுக்க முடிந்தது என்றால், அது வெற்றிடமாக இருக்க முடியாது. அது ஒரு நிர்வாக முடிவு, பல நேரங்களில் கட்சி சார்ந்த முடிவும்கூட. மூன்றாவதாக, லிவி கி.மு. 431-ஐப் பற்றி எழுதும்போது, படைதிரட்டலும் யூஸ்டிடியமும் ஒன்றாக அறிவிக்கப்பட்டதைச் சொல்லி, படைப்பணியிலிருந்து விலக்குக் கோருவோரின் வழக்குகள் போருக்குப் பிறகு விசாரிக்கப்படும் என்று தள்ளிவைக்கப்பட்டதையும் சொல்கிறார். தள்ளிவைக்கப்படும் வழக்கு, உயிரோடிருக்கும் வழக்கு. இப்போது போ, உன் உரிமையைப் பிறகு பேசலாம் என்று சொல்லும் அரசு, உரிமை இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறது.

இதோடு மற்றொரு குழப்பமும் சேர்ந்தது. குடியரசுக்குத் தீங்கு நேராமல் கான்சல்கள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று செனட் நிறைவேற்றும் இறுதித் தீர்மானத்தையும் யூஸ்டிடியத்தையும் அவர் ஒன்றாகவே பேசினார். கி.மு. 121-இல் கையஸ் கிராக்கஸுக்கு எதிராக முதலில் பயன்பட்ட அத்தீர்மானம், கான்சலின் கையை அவிழ்த்துவிடுவது. யூஸ்டிடியமோ மற்ற எல்லோருடைய கையிலும் இருக்கும் வேலையைக் கீழே வைக்கச் சொல்வது. கி.மு. 43-இன் முதல் நாளில் மார்க் ஆன்டனிக்கு எதிராகச் செனட்டில் பேசிய சிசரோ, கேட்பவற்றைத் தனித்தனியே அடுக்குகிறார்: அவசர நிலை அறிவிக்கப்பட வேண்டும், யூஸ்டிடியம் வெளியிடப்பட வேண்டும், போர் உடை அணியப்பட வேண்டும், படைப்பணி விலக்குகளை நீக்கி ரோமிலும், வடக்கிலுள்ள காலியா தவிர்ந்த இத்தாலி முழுதிலும் ஆள் திரட்டப்பட வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு தனி நெம்புகோல். ஒன்றை இழுத்தால் மற்றவை தாமாக நகர்வதில்லை என்பதால்தான் அவர் எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் கேட்கிறார். சட்ட மரபின் இந்த நுணுக்கத்தை விரும்பி வருபவர்களுக்காகவே நடத்தப்படும் நடையில் இது விடுபட்டது வருத்தத்துக்குரியது. நான் கேள்வியாக எழுப்பியபோது வழிகாட்டி எரிச்சல் காட்டாமல் கேட்டுக்கொண்டார். விடை மட்டும் முதலில் சொன்னதையே மீண்டும் சொன்னது.

பேரரசுக் காலத்துக்கு ஒதுக்கிய நேரம் மிகக் குறைவு. பசிலிக்கா ஜூலியாவின் படிகளில் கீறப்பட்ட விளையாட்டுக் கட்டங்களைக் காட்டிவிட்டு, பேரரசர் குடும்பத்தில் யாராவது இறந்தால் பொது அலுவல் நிற்கும் வழக்கம் வந்துவிட்டது என்று இரண்டு மூன்று வாக்கியங்களில் முடித்துக்கொண்டார்கள். பேரரசர் கலிகுலாவின் தங்கை ட்ருசில்லா கி.பி. 38-இல் இறந்தபோது, சிரிப்பதும் குளிப்பதும் பெற்றோரோடும் மனைவி மக்களோடும் உண்பதும் மரண தண்டனைக்குரிய குற்றங்களாயின என்ற சூட்டோனியஸின் செய்தி சொல்லப்பட்டது, கேட்டவர்கள் சிரித்தார்கள், நகர்ந்துவிட்டோம். போருக்கு ஆள் சேர்க்கும் கருவி எப்படித் துக்கம் காக்கும் சடங்காயிற்று என்ற கேள்வியே இப்பொருளின் சுவையான பாதி. கி.பி. 19-இல் பேரரசர் குடும்பத்து ஜெர்மானிகஸ் இறந்த செய்தி வந்ததும், அதிகாரிகளின் அறிவிப்புக்கும் செனட்டின் தீர்மானத்துக்கும் முன்பே மக்கள் யூஸ்டிடியத்தைத் தாமே மேற்கொண்டார்கள், ஃபோரம் வெறிச்சோடியது, வீடுகள் அடைபட்டன என்று டாசிட்டஸ் எழுதுகிறார். காவ்டியம் செய்தி வந்த நாளில் லிவி காட்டிய காட்சிதான் இது. இடையில் ஏறத்தாழ 340 ஆண்டுகள். ஏமிலியா கடைகளின் முன் விட்ட நூலை இங்கே பிடித்திருந்தால், மேலிருந்து வரும் ஆணைக்கும் கீழிருந்து எழும் வழக்கத்துக்கும் உள்ள உறவு புரிந்திருக்கும்.

பீசா நகரத்துக் கல்வெட்டையாவது சொல்லியிருக்கலாம். அகஸ்டஸின் பேரனும் வளர்ப்பு மகனுமாகிய கையஸ் சீசர் கி.பி. 4-இல் இறந்த செய்தி வந்தபோது, வேட்பாளர்களுக்கு இடையிலான சச்சரவால் பீசாவில் அதிகாரிகளே பதவியில் இல்லை. அறிவிக்க ஆள் இல்லாத அந்நகரத்தில் மன்ற உறுப்பினர்களும் குடிமக்களும் தாமே கூடி, கோயில்களையும் பொதுக் குளியலகங்களையும் கடைகளையும் அடைப்பது என்றும், விருந்துகளைத் தவிர்ப்பது என்றும் ஒருமனதாக முடிவு செய்ததைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். அது இன்றும் பீசாவில் இருக்கிறது. அலுவல் நிறுத்தம் தவறாகவும் போகலாம் என்பதற்கும் அக்காலத்திலேயே சான்று உண்டு: கி.பி. 14-இல் அகஸ்டஸ் இறந்தபோது பன்னோனியா மாகாணத்தில் லீஜியன் எனப்பட்ட மூன்று படைப்பிரிவுகளின் தளபதி பிளேசஸ் வழக்கமான படைப்பணிகளை நிறுத்திவைக்க, வேலையற்றிருந்த வீரர்களிடையே கலகம் முளைத்தது என்கிறார் டாசிட்டஸ். ஊரை வெறுமையாக்கிப் படையை நிரப்பிய ஏற்பாடு, படைக்குள்ளேயே வந்து அதைக் குலைத்தது. இவ்விரண்டுக்கும் பத்து நிமிடம் போதும். டைட்டஸ் வளைவின் பக்கம் அழைத்துச் சென்ற தேவையற்ற சுற்றை விட்டிருந்தால் அந்த நேரம் கிடைத்திருக்கும்.

நடை மார்ஸ் திடலில் முடிகிறது. ஃபோரத்தை விட்டு வெளியேறி, கேபிட்டோல் குன்றைச் சுற்றிக்கொண்டு லார்கோ அர்ஜென்டினா வரை நடக்க வேண்டும். அங்கே பள்ளத்தில் தெரியும் நான்கு குடியரசுக் காலக் கோயில்களுக்கு அருகில்தான், மக்கள் தொகைக் கணக்கும் படைதிரட்டலும் நடந்த வில்லா புப்ளிகா இருந்தது. 2023 முதல் நடைபாதை அமைத்து, கோயில்களுக்கு இடையே இறங்கிப் பார்க்க அனுமதிக்கிறார்கள். கடைகள் அடைபட்ட ஃபோரத்திலிருந்து ஆட்கள் வந்து சேர்ந்த இடத்துக்கு அதே திசையில் நம்மையும் நடக்க வைப்பது, நடையை வடிவமைத்தவர்களின் அறிவுக்கூர்மைக்குச் சான்று. கி.மு. 296-இல் செனட்டின் ஆணைப்படி யூஸ்டிடியம் அறிவிக்கப்பட்டு எல்லா வகை மனிதர்களிடமிருந்தும் ஆள் சேர்க்கப்பட்டதையும், போர்முனையிலிருந்து நற்செய்தி வந்ததும் பதினெட்டாம் நாளோடு அது விலக்கப்பட்டதையும் இங்கே சொன்னார்கள். கி.மு. 465-இல் நான்கே நாள் நீடித்த ஒன்றையும் ஒப்பிட்டார்கள். எத்தனை நாள் நின்றது என்பதை வரலாற்றாசிரியர்கள் எண்ணி எழுதி வைத்ததே, அது முடிய வேண்டிய ஒன்று என்று கருதப்பட்டதைக் காட்டுகிறது என்பது என் கருத்து. வழிகாட்டி அதைத் தன் வெற்றிடக் கருத்தோடு இணைக்க முயலாமல் விட்டது நல்லதாயிற்று.

நடையோடு தரும் அச்சுத் தாள்களைப் பற்றி ஒரு குறை. லிவியின் பகுதிகளை நேரில் கண்டவர் எழுதிய அறிக்கை போல அச்சிட்டிருக்கிறார்கள். அவர் எழுதியது அகஸ்டஸ் காலத்தில். சின்சினாட்டஸ் அவருக்கு நானூறு ஆண்டுகளுக்கும் முந்தியவர். பன்னிரண்டு கழி, ஐந்து நாள் உணவு போன்ற விவரங்கள் மரபுக் கதையின் பகுதிகளாக இருக்கக்கூடும். ஆனால் யூஸ்டிடியம் என்றால் என்னவென்று கி.மு. முதல் நூற்றாண்டு ரோமானியர்கள் கருதினார்கள் என்பதற்கு அவை நம்பத்தக்க சான்றுகள். இந்த வேறுபாட்டைத் தாளின் தலைப்பிலேயே ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். மேற்கோள்களின் மொழிபெயர்ப்பு தெளிவாகவும், மூல லத்தீன் பக்கத்திலேயே அமைந்தும் இருப்பது பாராட்டுக்குரியது.

நடைமுறைச் செய்திகள். விளக்கம் ஆங்கிலத்தில் மட்டும். ஒலி கேட்கும் கருவி ஒவ்வொருவருக்கும் தருகிறார்கள், தெளிவாகக் கேட்கிறது. குழு சிறியது, கேள்வி கேட்க இடம் உண்டு. ஃபோரத்தின் நுழைவுச் சீட்டு நடையின் கட்டணத்தில் அடங்காது. கொலோசியம், ஃபோரம், பாலடைன் மூன்றுக்கும் சேர்ந்த சாதாரணச் சீட்டு 18 யூரோ, 24 மணி நேரம் செல்லும், ஆகவே நடைக்கு முன்போ பின்போ மற்ற இரண்டையும் பார்த்துவிடலாம். பழங்காலக் கருங்கல் பாதைகள் கரடுமுரடானவை. கெட்டியான அடியுள்ள காலணி வேண்டும். குடிநீர்க் குழாய்கள் உள்ளே உண்டு, நிழல் அரிது. குழந்தைகளை அழைத்துச் செல்வதற்கான நடை இதுவன்று. லிவியின் மூன்றாம் புத்தகத்தில் சின்சினாட்டஸ் பகுதியையும் புளூட்டார்க்கின் திபேரியஸ் கிராக்கஸ் வரலாற்றையும் முன்கூட்டியே படித்துவிட்டு வருபவர்கள் இதிலிருந்து இரண்டு மடங்கு பெறுவார்கள். மாதத்தின் முதல் ஞாயிறன்று நுழைவு இலவசம் என்பதால் அன்று கூட்டம் மிகுதி. சனிக்கடவுள் கோயிலின் முன் அமைதியாக நின்று கேட்க விரும்புவோர் அந்த நாளைத் தவிர்த்து, வார நாளில் காலை நேரத்து நடையையே பதிவு செய்துகொள்வது நல்லது.